கண்டக்டரின் குரல்

மார்ச் 3

ஆஸ்பத்திரியில் எங்கள் குரல்பதிவு அறைக்கு இன்று பஸ் கண்டக்டர் ஒருவர் மனைவியோடு வந்தார். நாளை மறுநாள் அறுவை சிகிச்சை, குரல்பெட்டியையே எடுத்துவிடுவார்கள். அப்புறம் அவர் எழுத்தைத் தட்டினால் இயந்திரம் அவர் குரலில் பேச வேண்டும் அல்லவா? அதற்காக வாக்கியம் வாக்கியமாக வாசிக்கவைத்துப் பதிந்தேன். கடைசியில், மனைவியைக் கூப்பிடுவதையும் பதியச் சொன்னார். "ஏய், எங்கடி போய்த் தொலைஞ்ச?" அந்த அம்மா வெட்கத்தில் வெளியே ஓடிவிட்டார்.

மார்ச் 6

கண்டக்டரின் குரல் போய்விட்டது.

கணினியில் இடம் இல்லாமல் நகல் ஏறவே இல்லை. நான் பார்க்கவில்லை. வழக்கம்போலப் பதிவுக் கருவியின் மெமரி கார்டை அழித்தேன். அழித்ததும் "மைக் டெஸ்ட், ஒண்ணு, ரெண்டு" என்று பேசிப் பார்ப்பது எங்கள் பழக்கம். அதையும் செய்தேன். நேற்று அறுவையும் முடிந்துவிட்டது. இனி யாரைப் பேசச் சொல்வது? ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்...

மார்ச் 7

அழிந்த கோப்புகளை மீட்கும் கடை. "அழிச்சப்புறம் இதுல ஏதாவது பதிஞ்சீங்களா?" என்றார் கடைக்காரர்.

"மைக் டெஸ்ட் மட்டும்."

"என்னம்மா நீங்க! அழிச்சாலும் உள்ள இருக்கும். அது மேலயே பதிஞ்சாதான் போச்சு. வேற காப்பி எங்கயும் இல்லையா?"

இல்லை. எங்கேயும் இல்லை. முடிந்ததை மீட்டுத் தரச் சொல்லி, கார்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 8

கடையிலிருந்து தகவல் இல்லை. போன் அடித்தாலே, கடைக்காரரோ என்று ஓடி எடுக்கிறேன்.

மார்ச் 10

வார்டு வாசலில் கண்டக்டரின் மனைவி பிடித்துக்கொண்டார். "எல்லாம் பத்திரமா இருக்குல்லம்மா?" தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? உள்ளே அவர் கட்டிலில் இருந்தபடி, டிக்கெட் கிழிப்பதுபோலக் கைகாட்டிச் சிரித்தார். நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 12

கடைக்காரர் கார்டிலிருந்து வாக்கியங்களை மீட்டுவிட்டார்! இயந்திரத்துக்கு அது போதும். கடைசிப் பதிவு மட்டும் இல்லை. மனைவியைக் கூப்பிட்ட இடத்தில் என் "மைக் டெஸ்ட்"தான் இருக்கிறது.

அந்த அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 9

இப்போதெல்லாம் ரெண்டு இடத்தில் நகல் எடுத்து, போட்டுக் கேட்ட பிறகுதான் கார்டில் கை வைக்கிறேன்.

இன்று இயந்திரம் வந்தது. கண்டக்டர் மெல்லத் தட்டினார். "சீக்கிரம் கிளம்பு, வீட்டுக்குப் போலாம்." அதே கரகரப்பு.

"குரல் அவரோடதுதாம்மா," என்றார் மனைவி. "ஆனா என்கிட்ட இவ்வளவு தன்மையா அவர் பேசினதே இல்லையே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கண்டக்டர் ஆச்சரியக்குறி போட்டு மறுபடி தட்டினார். அப்போதும் தன்மையாகத்தான் வந்தது.