கால் எட்டாத பிரேம்

இன்று வில்லியனூர் பழைய சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் மண்ணெண்ணெயும் துருவும் கலந்த வாடை அடித்தது. ஞாயிறுதோறும் இங்கே வந்து திரும்பும் உங்கள் சட்டையின் வாடை. எத்தனை நாள் அதற்காக உங்களைத் திட்டியிருப்பேன்! இன்று நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டேன், போதுமா?

இங்கேதான் எனக்கு ரேஸ் சைக்கிள் பிரேம் பார்த்தீர்கள். கொக்கியில் தொங்கிய பழைய ஸ்டீல் பிரேம்களை ஒவ்வொன்றாக இறக்கி, சுண்டுவிரலில் தூக்கி, நகத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்டீர்கள். பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பச்சை பிரேமோடு ஓடி வந்தீர்கள்.

"வெயிட்டு பாத்தியா! பூ மாரி இருக்குது."

"பூவா இருந்தா இன்னா? கால் எட்டலயே."

"ஏறிட்டா எட்டும், வா."

அது உங்கள் உயரத்துக்கான பிரேம். ஓட்டினால் பறக்கும், உண்மைதான். ஆனால் நான் ஏற, நீங்கள் சீட்டைப் பிடிக்க வேண்டும். நான் இறங்க, நீங்கள் முன்னால் போய் உங்கள் வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடி வர வேண்டும். அபிஷேகப்பாக்கத்தில் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து நின்று இந்தக் கூத்தைப் பார்ப்பார்கள். "புடிங்க, புடிங்க!" என்று கத்துவேன். ஒருதரம்கூட என்னை விழவிட்டதில்லை நீங்கள்.

நீங்கள் போன பிறகு என்னால் அதில் ஏறவே முடியவில்லை. மகன் ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். எனக்கு மிதிக்க வேண்டும். மிதிக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருக்கிறது. அதனால்தான் இன்று பச்சை வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இருப்பதிலேயே லேசான ஒன்றை நீட்டினார். அதுவும் உயரம்.

"சார் இருந்தா இதத்தான்மா எடுப்பாரு."

"சார் எடுப்பாரு தம்பி. ஓட்டப்போறது நானு."

கொஞ்சம் கனமான, குட்டையான நீல பிரேமை எடுத்தேன். பச்சை வண்டியின் சக்கரம், சீட்டு, செயின் எல்லாவற்றையும் கழற்றி அதில் மாட்டித் தந்தார். பிரேமின் மேல்கம்பிக்கு இருபுறமும் கால் போட்டு நின்றேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல நீங்கள் இல்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

இனி யாரும் பிடிக்க வேண்டாம், நினைத்த இடத்தில் நானே இறங்கலாம். வழியில் நாம் டீ குடிக்கிற கடை வந்தது. தாகமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீடு வரை மிதித்தே வந்துவிட்டேன். நிறுத்தினால், நீங்கள் ஓடி வரமாட்டீர்கள் என்று தெரிந்துவிடுமே.