கசடு மேட்டின் மேல் கல்யாணத் தார்ப்பாய்

செப்டம்பர் 22, திங்கள்

உலைக்கூடத்தின் கடைசிச் சுவரும் இன்று விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அடிபடாத நாளில் சேஃப்டி ஆபீசரான எனக்கு எழுத எதுவும் இருக்காது.

மகள் இக்ராவின் பள்ளியில் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று எழுதி வரச் சொன்னார்களாம். சொன்னேன்: செஞ்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலை இருந்தது. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுத்தார்கள். மூடிப் பல வருஷம் ஆகிறது. அதை யாருக்கும் கெடுதல் வராமல் இடித்து, மண்ணைச் சுத்தம் செய்து கொடுப்பது எங்கள் கம்பெனி வேலை. யாரும் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது அம்மா வேலை. இனி பாக்கி, பின்பக்கம் ஏரியை ஒட்டிக் கிடக்கும் கசடு மேடு. உலையிலிருந்து வாரிக் கொட்டிய கறுப்புத் தூள், ஈயத்தோடு. மழைக்கு முன் அள்ளி, கும்மிடிப்பூண்டியில் நச்சுக்கழிவு புதைக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். மழை முந்தினால் அது ஏரிக்குப் போகும், ஏரியிலிருந்து வயலுக்கு.

கவனமாகக் கேட்டுவிட்டு, "இடிக்கிறதுக்கு இன்ஜினியரிங் படிக்கணுமாம்மா?" என்றாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

மேட்டில் கால்வாசி போயிருக்கிறது. லாரி வரத்து நன்றாக இருக்கிறது. இப்படியே போனால் தீபாவளிக்கு முன் தரை தெரியும்.

விருத்தாம்பாள் வேலை உடைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். ஈயத்தூள் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதால் உடைகள் சைட்டை விட்டு வெளியே போகாது; துவைப்பதற்கென்றே இவர். மெஷின் இருக்கிறது, ஆனாலும் மெஷின் துவைத்ததை இவர் இன்னொரு முறை துவைக்கிறார். "மிசினுக்கு இன்னா தெரியும்" என்கிறார். ஏரிக்குக் கீழே குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருக்கிறாராம். பயிர் நன்றாகப் பிடித்துவிட்டதாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூசை, மறுநாளும் விடுமுறை. மேஸ்திரி ஆதிமூலம் ஸ்டோர் சாவி கேட்டார். "சாமான் எல்லாத்தையும் பூசையில வெக்கணும் மேடம்." கொடுத்தேன். சுத்தமாக வைத்துப் பூசை போடுங்கள் என்றும் சொன்னேன். என் வாயால்.

அக்டோபர் 3, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் ஸ்டோரைத் திறந்தால் சாம்பிராணி வாசம். கேஸ் கட்டர், கடப்பாரை, தலைக்கவசம் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். நடுவே வாழையிலை விரித்து, முகமூடி ஃபில்டர்கள். மூச்சுக்காற்றிலிருந்து ஈயத்தூளைப் பிடிக்கிற ஃபில்டர்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பொட்டு. பளபள என்று இருந்தன.

எல்லாவற்றையும் துவைத்திருக்கிறார்கள். சோப்புப் பவுடரில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, வெயிலில் காயவைத்து. விருத்தாம்பாள் கைவண்ணம். தண்ணீர் பட்ட ஃபில்டர் இனி வெறும் அட்டை.

சரி, ஸ்பேர் இருக்கிறதே என்று பெட்டியைப் பார்த்தேன். சீல் பிரிக்காத புது ஃபில்டர்கள் — அவற்றையும் பிரித்துத் துவைத்திருக்கிறார்கள்.

"புதுசை ஏன் துவைச்சீங்க?"

"புதுசாச்சே மேடம், பூசைக்கு வெக்காம உடலாமா?" என்றார் ஆதிமூலம்.

"தண்ணி படக் கூடாதுன்னு படம் போட்டுக் காட்டினேனா இல்லையா?"

"அது வேலைக்குச் சொன்னீங்கோ. இது பூசைக்கு. அழுக்கோட சாமி முன்னால எப்டி வெக்கிறது?"

என் ஃபில்டரில் மட்டும் குங்குமம் பெரிதாக இருந்தது. மரியாதையாம். உட்கார்ந்து அழலாமா என்று தோன்றியது. அழவில்லை, ஏனென்றால் விருத்தாம்பாள் முந்திக்கொண்டார்.

அக்டோபர் 6, திங்கள்

புது ஃபில்டர் சென்னையிலேயே கையிருப்பு இல்லையாம். வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும். எப்போது என்றால், "வந்துரும் மேடம்" என்கிறார்கள்.

சைட் மேனேஜர் அன்புச்செல்வன் அறைக்குக் கூப்பிட்டார். "வாயில ஈரத்துண்டைக் கட்டிக்கிட்டு அள்ளட்டும். கொஞ்ச நாள் வேலை. யாருக்கு என்ன ஆயிடப் போகுது?"

ஈயம் உடனே எதுவும் செய்யாது. அதுதான் அதன் குணம். ரத்தத்தில் போய் உட்காரும், எலும்பில் குடியேறும், பிறகு தன் வேலையைப் பார்க்கும். சொன்னேன்.

"மழை வந்து மொத்தமும் ஏரிக்குப் போனா நீங்க பதில் சொல்வீங்களா?"

அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். தினமும் என் கையெழுத்து விழுந்தால்தான் மேட்டில் கை வைக்க முடியும். போடவில்லை. "உங்க ஊருங்கிறதால ஆடுறீங்க" என்றார். என் ஊராக இல்லாவிட்டாலும் போட்டிருக்க மாட்டேன். இதை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன், இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 8, புதன்

வானம் மூடிக்கிடக்கிறது. கோட்டை மலையின் உச்சி தெரியவில்லை. வெளியூர்க்காரர்கள் அதைப் படம் எடுக்கிறார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

அள்ள முடியாவிட்டால் மூடத்தான் வேண்டும். சைட்டில் இருக்கும் நீலத் தார்ப்பாய்கள் காற்றடித்தாலே கிழிகிற ரகம். கெட்டித் தார்ப்பாய் செஞ்சியில் யாரிடம் இருக்கிறது என்று யோசித்தேன். யோசிக்கத் தேவையே இல்லை. பந்தல் கடை வைத்திருப்பவரோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

சாப்பிடும்போது சாந்த் பாஷாவிடம் கேட்டேன்.

"எத்தினி வேணும்?"

"எல்லாம்."

"எப்போ திரும்பும்?"

"திரும்பாது. ஈயத்து மேல போட்டதை மறுபடி கல்யாணத்துல கட்ட முடியாது. கசடோட சேர்த்துப் புதைக்கணும்."

அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். தீபாவளி முடிந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. மழைக்கால முகூர்த்தத்தில் தார்ப்பாய் இல்லாத பந்தல்காரனை யார் கூப்பிடுவார்கள்?

"குழம்புல உப்பு கம்மியா இருக்குது" என்றார். பிறகு, "வண்டி எத்தினி மணிக்கு அனுப்பணும்?"

இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. நேரில் சொன்னால் பயந்துபோவார்.

அக்டோபர் 11, சனி

மூடியாயிற்று. என் பீரோவில் பூட்டியிருந்ததால் ஒரு பெட்டி மாஸ்க் பூசைக்குத் தப்பியிருந்தது. ஒரு தரம் போட்டுக் கழற்றி எறிகிற வகை. அள்ளுகிற வேலைக்கு அது போதாது. மேட்டை நன்றாக நனைத்துவிட்டு மூடுவதற்குப் போதும். கையெழுத்துப் போட்டேன்.

சாந்த் பாஷா வேலிக்கு வெளியே நின்று, "அந்தக் கட்டு நிக்காதுப்பா, மாத்திப் போடு" என்று கத்திக்கொண்டே இருந்தார். கறுப்பு மேட்டின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட கல்யாணத் தார்ப்பாய்கள். வழியே போனவர்கள் யார் வீட்டு விசேஷம் என்று கேட்டார்களாம்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை.

அக்டோபர் 22, புதன்

நேற்று காற்றோடு மழை. காலையில் போய்ப் பார்த்தால் ஏரிப்பக்க ஓரத்தில் ஒரு தார்ப்பாய் கிளம்பிக் கிடந்தது. அதன் கீழிருந்து கறுப்பாகத் தண்ணீர் இறங்கி, வழிகிற தண்ணீரைப் பிடிக்க நாங்கள் வெட்டிவைத்த குழியில் நின்றது. குழி நிரம்பி வழிந்ததா, விளிம்பு வரை வந்து நின்றதா? பார்த்துச் சொல்ல முடியவில்லை. எல்லாமே ஈரம். தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு ஏரித் தண்ணீரைப் புட்டியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன்.

விருத்தாம்பாள் கூடவே வந்தார். "என் நெலத்துக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்?"

ஆகாது என்று சொல்ல வாய் வரை வந்தது. ரிப்போர்ட் வரட்டும் என்றேன்.

"நான் தொவைச்சதாலதான எல்லாம்" என்றார். நாள் முழுக்க அவர் எதையும் துவைக்கவில்லை. மெஷின் துவைத்ததை அப்படியே மடித்து வைத்தார். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அக்டோபர் 25, சனி

ரிப்போர்ட் வரவில்லை. இரண்டு பந்தல் ஆர்டர்கள் திண்டிவனத்துக்காரர்களுக்குப் போய்விட்டன. சாந்த் பாஷா சொல்லவில்லை, ஊரில் சொன்னார்கள்.

அக்டோபர் 29, புதன்

ரிப்போர்ட் வந்தது. ஏரித் தண்ணீரில் ஈயம் வரம்புக்குக் கீழே. நம்பாமல் மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

ஃபில்டர்கள் வந்தன. பெட்டி நேராக என் பீரோவுக்குப் போயிற்று. சாவி என் கழுத்தில்.

நவம்பர் 5, புதன்

இரண்டாவது ரிப்போர்ட்டும் சரி. விருத்தாம்பாளிடம் காட்டினேன். "இத நெலத்துல கட்டி வெக்கலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். இன்று வேலை உடைகளை இரண்டு முறை துவைத்தார்.

டிசம்பர் 16, செவ்வாய்

மழை இடைவெளிகளில் அள்ளி அள்ளி, மேட்டின் கடைசி லாரி இன்று போயிற்று. கூடவே தார்ப்பாய்களும், சுருட்டி மூட்டையில். சாந்த் பாஷா ரோட்டோரம் பைக்கை நிறுத்தி லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல ஒண்ணு நம்ம கல்யாணத்துல கட்டினது" என்றார். இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா, மனுஷா?

ஜனவரி 9, வெள்ளி

வயல் மண்ணையும் புது நெல்லின் அரிசியையும் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். இரண்டும் நன்று. பாதுகாப்பானவை என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 14, புதன்

போகி. பழைய வேலை உடைகளைக் கொளுத்தலாமா என்று ஆதிமூலம் கேட்டார். கூடாது என்றேன். கேட்டாரே, அதுவே பெரிய முன்னேற்றம்.

ஜனவரி 15, வியாழன்

மதியம் விருத்தாம்பாள் வீட்டுக்கு வந்தார். தூக்கில் பொங்கல், பையில் புது அரிசி. ஏரிக்குக் கீழ் விளைந்தது. "பாப்பாவுக்குக் குடுங்க மேடம். அரிசியை நல்லா தேச்சுக் கழுவிட்டுத்தான் பொங்குனேன்."

அந்த அரிசிக்குச் சான்றிதழ் கொடுத்தவளே நான்தான். அதன் நகல் பீரோவில் இருக்கிறது. அப்படியும் தூக்கின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். விருத்தாம்பாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இக்ராவின் தட்டில் போட்டேன். சாப்பிட்டாள். இன்னும் வேண்டும் என்றாள்.

போட்டேன்.