கோணலாகப் போகும் அறுப்பு

ஜூன் 11, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. போடியில் வெயில், மேட்டுக்கு மேலே சாரல் என்று ஜீப்புக்காரர் சொன்னார். நாளை மலையேற வேண்டும். காய் எடுப்பு தொடங்குவதற்குள் எஸ்டேட் ஸ்டோருக்கு விறகு அடுக்கியாக வேண்டும். எடுப்பு தொடங்கிவிட்டால் பச்சை ஏலக்காய் உலர்த்தும் அடுப்பு அணையவே அணையாது. போன வருசக் காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரமெல்லாம் காய்ந்து கிடக்கிறது. அதுதான் இந்த முறை சோலி.

மரம் அறுக்கும் மிஷின் மூன்றையும் வாசலில் பரப்பினேன்.

பெ. – பெரிசு, இருபத்திரண்டு இஞ்சு. அடிமரத்துக்கு. ஏர் பில்டர் கழுவியாச்சு. பிளக்கில் கரி.
ந. – நடு, பதினெட்டு. எல்லாத்துக்கும். இழுகயிறு நைந்திருக்கிறது, மாற்றணும்.
சி. – சின்னது, பன்னிரண்டு. கிளைக்கு. விளையாட்டுச் சாமான். பழைய செயின் தேய்ந்துவிட்டது. புதுசு வாங்கி வைத்தேன், இன்னும் மாட்டவில்லை.

பெட்ரோலில் ஆயில் கலந்தேன். கொஞ்சம் சிந்திவிட்டது. ஈஸ்வரி வாசலுக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த நாத்தம்தான். மல்லியப்பூ வாங்கிட்டு வந்தாக்கூட பெட்ரோலுதான் மணக்குது." பிறகு அவளே பழைய துணி கொண்டுவந்து துடைத்தாள்.

இப்போதெல்லாம் ஜடை போடாமல் தலையைச் சும்மா முடிந்துகொள்கிறாள். வெக்கை போல. நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை.

இன்னொன்று, இந்த நோட்டில் மட்டும். போன நடை மேலே அறுத்ததெல்லாம் கோணல். நேராகத்தான் பிடிக்கிறேன். பாதி மரம் இறங்கியதும் மிஷின் வலப்பக்கம் வளைந்து போகிறது.

ஜூன் 12, புதன்

மேட்டுக்கு மேலே. சாரல், நல்ல குளிர். ஸ்டோர் பக்கத்து ஷெட்டில் ஜாகை.

அதே கதைதான். பெ.வை வைத்து அடிமரத்தை அறுத்தால் வலப்பக்கம் இழுக்கிறது. செயின் சுற்றி ஓடும் பார் மரத்துக்குள் இறுகிப் புகை வந்தது. பாரைக் கழற்றித் தலைகீழாக மாற்றிப் போட்டேன். ஆயில் துளையைக் குத்தி விட்டேன். செயினை இறுக்கினேன், தளர்த்தினேன். ந.வையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் வலப்பக்கம்தான். இரண்டு மிஷினும் ஒரே மாதிரி பண்ணினால் கோளாறு மிஷினில் இல்லை.

தவசி மச்சான்தான் கட்டை அடுக்குகிறார். இருபது வருசமாக நான் அறுக்க அவர் அடுக்க. ஒரு கட்டையை நிறுத்தி வைத்தார், விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது.

"என்ன மாப்ளே, கட்டயெல்லாம் தண்ணியடிச்சவன் மாதிரி நிக்குது?"

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருப்பையா அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. இந்த மலையில் அவரளவுக்குப் பெரிய மிஷின் பிடித்தவர் கிடையாது. மிஷின் அதிர்ந்து அதிர்ந்து கை கெட்டது, முதலில் அறுப்பு கோணியது. அப்புறம் குளிரில் விரல் வெளுத்தது. இப்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். அதிலும் பாதி சட்டைக்குத்தான்.

சாயங்காலம் அடுப்பில் கை காய்ச்சினேன். வலது கையில் இரண்டு விரல் நுனி வெள்ளை. தேய்த்ததும் ரத்த ஓட்டம் திரும்பிவிட்டது. குளிருக்கு யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 13, வியாழன்

சி.யில் புதுச் செயினை மாட்டிக் கிளைகளை அறுத்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது. மறுபடி மறுபடி அறுத்துப் பார்த்தேன். நேர்தான்.

அப்படியானால் இதுதான் விஷயம். கனமான மிஷினை என் கை தாங்கவில்லை. சின்னதைத் தாங்குகிறது. விளையாட்டுச் சாமான் என்று ஏளனம் பேசினதற்கு நல்ல மரியாதை.

தவசி கேட்டார்: "அடிமரத்த அந்தக் குட்டிய வச்சா அறுக்கப் போற? ஆனி போயி ஆடி வந்துரும் மாப்ளே." கை கொஞ்சம் பிடிப்பு என்றேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக.

ஜூன் 14, வெள்ளி

மத்தியானம் இறங்கியாச்சு. வீட்டுக்குப் போகுமுன் ஸ்பேர்க்கடையில் பெ.வைக் கொடுத்தேன். ஆள் வந்தால் விற்றுவிடச் சொன்னேன். கடைக்காரர் நம்பவில்லை. "ஒங்க பெரிசயா? வெளாட்டுக்குச் சொல்றீங்களா அண்ணே?" நடுவுக்கு இழுகயிறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஜீப்பு வரைக்கும் வலது தோளில் ஒன்றும் இல்லாமல் நடந்தது ஒரு மாதிரி இருந்தது.

ஈஸ்வரி கேட்ட முதல் கேள்வி, "பெரிசு எங்க?"

"சர்வீசுக்கு விட்ருக்கேன்."

என்னையே பார்த்தாள். என் மிஷினை இன்னொருத்தன் கழற்ற நான் விட்டதில்லை என்று அவளுக்குத் தெரியாதா. ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள். பிறகு கேட்காமலே இன்னொன்று போட்டாள்.

ஜூன் 15, சனி

சாயங்காலம் அரம் போடும் வேலை. எங்கள் வீட்டில் அது ஈஸ்வரி வேலை. கல்யாணமான புதிதில் எனக்கு அம்மை போட்டபோது செயின் மழுங்கிக் கிடந்தது. ஒரு நாள் அரத்தை அவளே எடுத்தாள். பல் பல்லாக, ஒரே சாய்வில். நான் போடுவதைவிட நன்றாக இருந்தது. அன்றோடு அரத்தை அவளிடமே விட்டுவிட்டேன். இப்போது எனக்குக் கிட்டத்துப் பார்வையும் மங்கல். அவள் அரம் போடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து மலைக்கதை சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். எந்த இடத்தில் கல்லில் பட்டது, எங்கே பழைய கம்பி இருந்தது என்று பல்லைப் பார்த்தே கண்டுபிடித்து என்னைத் திட்டுவாள். ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரம் அது.

இன்று என்னை உட்காரவிடவில்லை. "போயி முட்டை வாங்கிட்டு வாங்க. வெரசா வராட்டியும் பரவால்ல." வீட்டில் முட்டை இருந்தது. போனேன். வந்தபோது ந., சி. இரண்டு செயினும் முடித்துத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ.

ஜூன் 17, திங்கள்

மேலே. மழை விட்டு விட்டு.

சி.யும் வளைகிறது. வலப்பக்கம்தான். வியாழக்கிழமை நூல் பிடித்துப் போனது, இன்று கையளவு கட்டையிலேயே கோணல்.

எடை இல்லை. கைதான்.

மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தவசி தூரத்தில் இருந்தார், நல்லவேளை. பயமாக இருக்கிறது. சோறு போய்விடும் என்று மட்டும் இல்லை. அவள் டம்ளர் பிடித்து எனக்கு டீ குடிக்க வைக்க வேண்டி வருமே என்று. அவள் செய்வாள், முகம் கோணாமல் செய்வாள். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. வேலை இல்லை. காலை ஜீப்பிலேயே இறங்கிவிட்டேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

பின்வாசலில் ஈஸ்வரி. மேலே நான் கழற்றி மாட்டும் உபரிச் செயின்களை எடுத்து வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரியவில்லை. கதவு நிலையில் நின்று பார்த்தேன். ஒரு பக்கத்துப் பல்லுக்கு அரம் சரக் சரக் என்று போகிறது, எப்போதும் போல. மறுபக்கத்துக்கு முழங்கையை விலக்கித் தூக்க வேண்டும். தூக்கப் பார்த்தாள். பாதியில் நின்றது. கண்ணை மூடினாள். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, பல்லை லேசாகத் தடவிவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஒவ்வொரு பல்லுக்கும் இப்படி.

தலைமுடி ஞாபகம் வந்தது. ஜடை பின்னக் கை பின்னால் போக வேண்டுமே. வெக்கை என்று நினைத்தேனே. நான் ஒரு மடையன்.

"ஈஸ்வரி."

அரம் கீழே விழுந்தது. "ஏங்க, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க!"

"தோளு எத்தன நாளா இப்பிடி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணிக்கொடம் தூக்குனதுல ஒரு பிடிப்பு."

"எத்தன நாளா?"

"மாசி களரித் திருவிழாவுக்கு முன்னாலருந்து," என்றாள். அழுதுவிட்டாள். "சொன்னா அரத்த வாங்கி வச்சுருவீக. அந்த ஒரு சோலிதான் நான் ஒங்களுக்குன்னு செய்யிறது. ஏற்கனவே ஒங்களுக்குக் கை போயிக்கிட்டு இருக்கு, இதுல என் நோவ வேற சொல்லவா?"

"எனக்குக் கை போகுதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

வெந்நீர் அடுப்புப் பக்கம் காட்டினாள். நான் அறுத்துப் போட்ட வீட்டு விறகு. எல்லாக் கட்டையும் ஒரே பக்கம் சாய்ந்து. "அதப் பாத்தா தெரியாதா. ராவும் பகலும் சாமி கும்பிட்டுக்கிட்டு கெடக்கேன்."

செயினை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கே தெரிந்தது. ஒரு பக்கப் பல் கூர், மறுபக்கம் மொட்டை. கூர் இருக்கும் பக்கம்தான் மிஷின் இழுக்கும். மிஷின் பிடிக்கிற எவனும் முதலில் பார்ப்பது செயினைத்தான். நான் பாரைத் திருப்பினேன், ஆயிலைப் பார்த்தேன், என் கையைச் சந்தேகப்பட்டேன். அவள் அரத்தைச் சந்தேகப்படுவது மட்டும் புத்தியில் ஏறவே இல்லை. அவளுக்கும் அப்படியே. அவள் அரமா என் கையா என்று வந்தால், என் கைதான் குற்றவாளி என்று இரண்டு பேரும் முடிவு கட்டியிருக்கிறோம்.

சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் என் வலது கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "அப்ப ஒங்களுக்கு ஒண்ணுமில்லையா? நெசமாவா?"

தன் தோளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 20, வியாழன்

ஆஸ்பத்திரி. தோள் மூட்டு இறுகியிருக்கிறதாம். சரியாகும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். சுவரில் விரலை எறும்பு ஏறுவதுபோல் மேலே ஏற்றும் பயிற்சி. என் விரலையும் ஈஸ்வரி இழுத்துக் காட்டினாள். பெரிய மிஷினைத் தொடர்ந்து பிடிக்காதீர்கள், கையுறை போடுங்கள், குளிரில் சூடு காட்டுங்கள் என்றார். ஆக, எனக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கருப்பையா அண்ணன் நிலைமை இல்லை.

முடிவு: பெ. அடிமரத்துக்கு மட்டும், இடையிடையே நிறுத்தி. மற்றதெல்லாம் ந., சி. இனிமேல் சி.யைப் பற்றித் தப்பாக எழுத மாட்டேன்.

ஸ்பேர்க்கடையில் பெ.வைத் திரும்ப வாங்கினேன். கடைக்காரர் அதை விற்பனைக்கு வெளியே எடுக்கவே இல்லை. "நீங்க வருவீங்கன்னு தெரியும்ணே." கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வாங்கினேன். ஈஸ்வரி பார்த்துவிட்டு, "தாசில்தாரு வந்துட்டாரு" என்றாள்.

ஜூன் 22, சனி

காற்று குறையவில்லை. காலையில் அவள் சுவரில் விரல் ஏற்றினாள். ஜன்னல் கம்பி உயரம். அங்கே பென்சிலால் கோடு போட்டேன். பிறகு அவளுக்குத் தலை வாரிப் பின்னினேன். ஜடை என்று சொல்ல முடியாது. கழற்றாமல் கடைக்குப் போய்வந்தாள்.

சாயங்காலம் எல்லாச் செயினுக்கும் அரம். அவளுக்குக் கை போகும் பக்கம் அவள், மறுபக்கம் நான், கண்ணாடி போட்டுக்கொண்டு. "அழுத்தாதீங்க. தள்ளும்போதுதான் அரம் படணும், இழுக்கும்போது தூக்குங்க. இது என்ன பல்லு, பொக்க வாயி மாதிரி!" திட்டு நிற்கவே இல்லை. சுகமாக இருந்தது.

ஜூன் 24, திங்கள்

மேலே. சாரல் இல்லை, வெயில் எட்டிப் பார்த்தது. கையுறை போட்டாச்சு.

பெ. ஒரே இழுப்பில் எடுத்தது. அடிமரம் இறங்கியது. தூள் இல்லாமல் சீவலாக விழுந்தது. கட்டைகள் நிற்கின்றன. தவசி ஒன்றைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"சரி பண்ணிட்டேன்னியே மாப்ளே. இன்னும் ஒரு நூலு வலப்பக்கம் போகுதே?"

"அது ஈஸ்வரி அரம் போட்ட பக்கம். எனக்கு அவ்வளவு கூர் வரல."

"ஒன் பக்கத்துக்கு அரத்த இன்னும் ரெண்டு இழுப்பு போட்டு நேராக்கிற வேண்டியதுதான?"

அரம் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அந்த ஒரு நூல் அவள் பக்கம் போகட்டும்.