கீரைப் பாத்தியில் கிடைத்த அந்துப்பூச்சிக்குப் பெயர் சூட்டுவது குறித்துப் பட்டத்தரசி விடுத்த ஓலை

மழை தவறாத தண்கரை நாட்டின் தலைவரும், ஆற்றுத் துறைகள் அனைத்துக்கும் உரியவரும், வடவெல்லைப் பாசறையில் வாளோடு வீற்றிருப்பவருமாகிய கோமான் நெடுவேட்டனார் திருமுன்னர், அரண்மனையில் அரச முத்திரையைக் காத்திருக்கும் பட்டத்தரசி காரிநங்கை வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீர் தோள்வலி ஓங்குக. பாசறைக் குதிரைகள் பசியறியாது இருக்க. இங்கு நாடு நலம், நகர் நலம், நான் நலமில்லை.

இளைய தேவி பூவிழையின் தோட்டத்தில், வள்ளைக்கீரைப் பாத்தியின் ஓரம், எவரும் கண்டறியாத அந்துப்பூச்சி ஒன்று கிடைத்தது. அரண்மனைத் தோட்டத்தில் புதிய உயிர் தோன்றினால் அத்தோட்டத்துக்கு உரியவர் பெயரையே அதற்குச் சூட்டிப் பறையறைவது நம் குல வழக்கம். ஆதலால் அதனைப் பூவிழை என்றே நாடு அழைக்கட்டும் எனத் தேவரீர் அவளுக்குத் திருமுகம் அருளினீர். அதை அவள் அந்தப்புரம் முழுவதும் படித்துக் காட்டினாள், எனக்கும் காட்டினாள். அவள் இமையைப் பூச்சியின் சிறகோடு தேவரீர் ஒப்பிட்டிருந்த வரியையும் கண்டேன். எனக்கு வரும் திருமுகங்களிலோ நெல்லும் குதிரைக்குக் கொள்ளும் அன்றி வேறு செய்தி இருந்ததில்லை. பொறாமை என்று தேவரீர் நகைக்கலாம். ஆம், பொறாமையே.

பறையறையும் ஆணைக்கு முத்திரை இடவேண்டியவள் நானாதலால், பூச்சி இன்னதென்று தெளியாமல் இடேன் என மறுத்து, அதனைக் கூடையோடு வருவித்தேன். சிறகு பட்டமரத்தின் பட்டை நிறம். வயிற்றின் இருபுறமும் இளஞ்சிவப்புப் பட்டைகள். சுருட்டி வைத்த நாக்கோ உடலினும் நீளம். அழகுதான். அதுவே என்னை மேலும் எரித்தது. பாத்தியைக் கிளறச் செய்தேன். மண்ணுள் செம்பழுப்புக் கூட்டுப்புழுக்கள் கிடந்தன; செம்புக்குப் பிடி வைத்ததுபோல் ஒவ்வொன்றின் முன்புறமும் ஒரு வளைவு. ஈரமண் இட்ட பானையில் வைத்து நானே காத்திருந்தேன். வெளிவந்தது அதே பூச்சி. கீரையைத் தின்கிறதென்று தோட்டத்தார் மழைதோறும் நசுக்கி எறியும் கொம்புப்புழுவே மண்ணுள் புகுந்து, இப்படிச் சிறகு பெறுகிறது.

இதனைப் பூவிழைக்கு மகிழ்ச்சியோடு அறிவித்தேன். அவளோ சிறிதும் சினவாது, புழுவும் தன் பெயரையே தாங்கட்டும், கோமான் இட்ட பெயராயின் அதுவே தனக்குப் போதும் என்று விடையளித்தாள்.

கூடையைத் திறந்துவிட்டேன். பூச்சி அவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. மதிலைக் கடந்து, அந்தியில் மலரும் என் சுரைப்பந்தலின் வெண்பூக்களை நாடிச் சென்று, எதன்மீதும் அமராமல் அந்தரத்தில் நின்றபடி தேன் உண்டது. அப்பந்தலுக்குக் கால் நட்டவர் தேவரீர். மணம் முடித்த ஆண்டில், எனக்கென்று, தம் கையால் நட்டீர். தேவரீருக்கு அது நினைவிருக்குமோ, அறியேன்.

அவள் கீரையில் வளர்ந்து என் பூவில் உண்ணும் உயிர் எவளுக்கு உரியதென்று தீர்க்க என்னால் இயலவில்லை. முத்திரை எவர் கையில் உளதோ அவர் ஆணைக்குப் பாசறையிலுள்ள மன்னரும் கட்டுப்பட்டவர் என்பது தேவரீரே வகுத்த நெறி. எல்லையில் போர் ஓய்ந்ததென்று எழுதியவரும் தேவரீரே. ஆகவே மனைவியாக இரந்து வேண்டாமல், முத்திரை காப்பவளாக ஆணையிடுகிறேன்: கோமான் நேரில் வந்து, அந்திப்பொழுதில் என் சுரைப்பந்தலின்கீழ் அமர்ந்து, தம் கண்ணால் காணும்வரை அப்பூச்சிக்குப் பெயர் இல்லை. கண்டபின் எவள் பெயரையும் சூட்டுக. மறுக்காமல் முத்திரை இடுவேன்.

இதற்கு விடையோலை வேண்டா, வருக.

மீன்கொத்தி முத்திரை அரக்கில் பதித்து, காரிநங்கை கைச்சாத்து. நெல், கொள் பற்றி இவ்வோலையில் ஒன்றும் எழுதவில்லை.