நேற்றைவிடக் கூடுதல் உயிரோடு

ஜூன் 18, புதன்
ஆரல்வாய்மொழிக் காற்று. கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து வீட்டு முருங்கையில். ஏழாம் மாதம் என்று விடுப்பு எடுத்தும் பள்ளியிலிருந்து ஆங்கிலத் தாள் கட்டு வந்துவிட்டது. பிள்ளைகள் எழுதியிருப்பது: மோர் பெர்ஃபெக்ட். மோஸ்ட் யுனிக். ஒருத்திக்கு மோர் டெட் வேறு! எல்லாவற்றுக்கும் சிவப்பு மை. செத்தது என்றால் செத்தது. அதில் கூடுதல் குறைவு ஏது? தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் வீண்.

காற்றாலை வேலை முடிந்து செல்வின் வந்தார். கிரீஸ் வாசத்தோடு என் வயிற்றில் கை.
"ஏட்டி, நேத்தையக் காட்டிலும் இன்னைக்கு பிள்ள கூடுதல் உசிரோட கெடக்கு."
"உசிருல என்ன கூடுதல்? இருக்கு, இல்லேன்னா இல்ல. ரெண்டுதான்."
"டீச்சருக்குப் பொறக்கப்போற பிள்ள பாவம்."
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

20, வெள்ளி
ஸ்கேன். பனிக்குடத்தில் நீர் குறைவாம். அசைவு குறைந்தால் உடனே வரச் சொன்னார் டாக்டர்.

பக்கத்து வீட்டு அக்கா விசாரித்தார். மாமியார், "கொழப்பமில்ல மக்கா." பரவாயில்லை என்பதுபோல, எதற்கும் அதே பதில்தான். நன்றாக இருக்கிறது என்று முழுசாகச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். முன்பு எரிச்சலாக வரும். இன்று எனக்கும் அந்தச் சொல் வேண்டியிருந்தது.

இளநீர் வாங்கணும். தாள்கள் பாதி பாக்கி.

21, சனி. நாகர்கோவில், ஆஸ்பத்திரிக் கட்டில்
காலையில் லேசாக ஓர் அசைவு. அப்புறம் இல்லை. இடப்பக்கம் படுத்துப் பார்த்தேன். இல்லை. செல்வின் காற்றாலை உச்சியில், போன் எடுக்கவில்லை. மாமியார்தான் ஆட்டோ பிடித்தார்.

இதயத்துடிப்பு இருக்கிறது. ஆனால் மந்தம். நாளைக்குள் அசைவு கூடாவிட்டால் ஆபரேஷன். ஏழு மாதப் பிள்ளை, தாங்குமா?

ரெண்டுதான் என்று ஏன் சொன்னேன். பயமாக இருக்கிறது.

22, ஞாயிறு
ஞாயிறு ஆராதனைக்குக்கூட மாமியார் கோயிலுக்குப் போகவில்லை. கட்டிலருகே முணுமுணுவென்று ஜெபம். விடிந்ததும் ஓர் உதை. பிறகு இன்னொன்று, நல்ல பலமாக!

டாக்டர் மெஷினைப் பார்த்து, "பெர்ஃபெக்ட்" என்றார்.
மாமியார் பதறி, "கொழப்பமில்லன்னு மட்டும் சொல்லுங்க டாக்டரே."

செல்வின் வாசலிலேயே நின்றார். நேற்றைய வேலைச் சட்டை, ராத்திரி முழுக்க வெளியேதான் இருந்திருக்கிறார். உள்ளே வரப் பயம் போல.
"எப்பிடிட்டி இருக்கு?"
"நேத்தையக் காட்டிலும் கூடுதல் உசிரோட."
கேலி செய்வார் என்று பார்த்தேன். அழுதுவிட்டார்.