ஈரமாகாத காகிதம்

பொம்மனஹள்ளி
14.2.1999

இயேசு மரி சூசை

அன்பு மகள் யாமினிக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். மஸ்கட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அப்பா அடக்கத்தன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று உனக்குக் கோபம். "நீ கல்லும்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய், எட்டு மாதமாகிறது. நானும் என்னைக் கல் என்றே நினைத்தேன். கோயில் பூசையில் நன்மை வாங்கினால், சுவாமியார் நாக்கில் வைக்கும் அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்காது. உன் அப்பா இருந்தவரை மருந்துக் குப்பியில் தண்ணீர் கொண்டுவந்து, பூசை முடிந்ததும் தூணுக்குப் பின்னால் நீட்டுவார். அவர் போனபின், ஏதோ பாவத்தால்தான் ஆண்டவர் என்னிடம் வர மறுக்கிறார் என்று பயந்து நன்மை வாங்குவதையே விட்டுவிட்டேன். கடைசியில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார், "இது பாவமில்லம்மா, மொதல்ல டாக்டரப் பாரு" என்றார்.

டாக்டர் ரமா, "கண்ணுல மண்ணு போட்ட மாதிரி இருக்கா, ரொட்டி தண்ணியில்லாம எறங்குதா, பல்லு சொத்தையாவுதா, மூட்டு வலிக்குதா" என்று அடுக்கினார். பிறகு கீழிமையில் சின்னக் காகிதத்தைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தில் உன் அப்பா வந்தார். கோலார் தங்கவயலில் ஷிப்ட் முடிந்து வருவதுபோல, தலையில் விளக்கு, கையில் அதே குப்பி. சுரங்கத்து வெள்ளை மண்மேடுகளுக்கு நடுவே அவர் கால் வைத்த இடமெல்லாம் நனைந்திருந்தது. நான் கை நீட்டுவதற்குள் டாக்டர் எழுப்பிவிட்டார். காகிதம் அப்படியே காய்ந்திருந்தது. ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். இந்த நோய்க்கு ஷோக்ரன்ஸ் என்று பேர், கண்ணீரும் எச்சிலும் ஊறுகிற இடங்களை நம் உடம்பே கெடுத்துக்கொள்ளுமாம். மருந்தில் சமாளிக்கலாமாம்.

இனி உன் பேச்சு. கண் உறுத்துவது ஏசி காற்றால் என்கிறாய். நானும் மூன்று வருடம் பெங்களூர்த் தூசி என்றுதான் இருந்தேன். அடக்கத்துக்கு வந்தபோது ஒரு பன்னைத் தின்ன நீ நாலு தடவை தண்ணீர் குடித்தாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இது குடும்பத்தில் வரலாமாம். கோபத்தை வைத்துக்கொள், டாக்டரிடம் மட்டும் போய்விடு.

மாதா உன்னைக் காக்கட்டும். தினம் நாலு வேளை சொட்டு மருந்து விடுகிறேன், கன்னத்தில் வழிகிறது. துடைக்காமல் அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அம்மா
ஸ்டெல்லா ஹெர்பர்ட்