பாவாடைக்குப் போட்ட தார்ப்பாய்த் தையல்

ஏனுங்க,

உங்களுக்கு எழுதுவதை வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுப்படியிலிருந்து ‘ஏனுங்க’ என்று குரல் கொடுத்தால் வாசலிலிருந்து ‘என்னங்கற புள்ள?’ என்று பதில் வரும். நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. பதில் வராது என்று தெரிந்தும் என் வாய் கேட்பதில்லை. போன வாரம் காஸ் சிலிண்டர்காரர் வந்தபோது, ‘ஏனுங்க, அந்தப் புத்தகத்தை எடுங்க’ என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டேன். பாவம் அந்த மனுஷன், தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து நம் பீரோவைத் திறக்கப் போய்விட்டார்.

சொல்ல வந்தது அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை தலையணை உறை ஒன்று ஓரத்தில் தையல் விட்டுப்போயிருந்தது. ஊசி தேடி, நீங்கள் தையல் சாமான் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அதற்குள் ஒரு மெழுகுவத்தித் துண்டு கிடந்தது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். நூலை அதன்மேல் வைத்து இழுத்து இழுத்து, சுற்றிலும் ஆழமாகக் கோடு விழுந்திருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். மெழுகு வாசனையோடு பீடி வாசனையும் வந்தது. என் தலையில் கை வைத்து, பீடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தீர்களே, அந்தச் சத்தியத்தின் லட்சணம் இப்போதுதான் தெரிந்தது. இருக்கட்டும், அங்கே வந்து பேசிக்கொள்கிறேன்.

அந்த வாசனையில் பழசெல்லாம் வந்து நின்றது. உங்களிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்த ஒரு விஷயமும் கூடவே வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நம் பிள்ளை மஞ்சு ஆறாவது படித்த வருஷம் அது. நாக்பூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, உங்கள் வலது கால் மாட்டிக்கொண்டது. கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் முட்டி இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். பிரேக் மிதிக்கிற கால். இருபது வருஷம் லாரியில் ஊர் ஊராகப் போன மனுஷன், நம் ஊர் வீட்டின் முன்னறைக் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டீர்கள். நான் எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போக ஆரம்பித்தேன். காலை ஆறு மணிக்கு வேன் வரும்.

நீங்கள் வாசல்படி தாண்டவில்லை. ஒரு நாளல்ல, ஒரு மாசமல்ல, கிட்டத்தட்ட ஒரு வருஷம். குளிப்பது கொல்லைப்பக்கம், உட்காருவது கட்டில். கூட வண்டி ஓட்டிய டிரைவர்கள் பார்க்க வந்தால் போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்குகிற மாதிரி கிடப்பீர்கள். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, ‘மாத்திரை போட்டா இப்படித்தானுங்க, அசந்துர்றாரு’ என்று நான் பொய் சொல்லுவேன். அவர்கள் போன பிறகு, ‘கொஞ்சம் எந்திரிச்சுப் பேசுனா என்னங்க?’ என்று கேட்டால், ‘நொண்டி நொண்டி நடக்கறத ஊரே பாக்கோணுமா?’ என்பீர்கள்.

ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ‘அந்த லாரிக்கடியிலயே நான் போயிருந்தா உங்களுக்குப் பாரமில்ல’ என்றீர்கள். நான் தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை, பயம். அதற்கப்புறம் பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டே, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இவர் இருப்பாரா என்று நினைப்பேன். தினமும் நினைத்தேன். உங்களை எப்படியாவது வாசலுக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

மார்கழி மாசம் ஒரு காலையில்தான் அந்தப் பாவாடை சமாச்சாரம் நடந்தது. நான் வேனுக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடம் கிளம்பிய மஞ்சுவின் நீலப் பாவாடை சைக்கிள் பெடலில் மாட்டி, கீழ்மடிப்பு முழுக்க அவிழ்ந்து தொங்கிவிட்டது. வீட்டில் ஊசியை நான் எங்கே குத்தி வைத்தேன் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிள்ளை அழுதிருக்கிறாள். லாரியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, அதுவரைக்கும் திறக்காமலே கிடந்த உங்கள் பையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்திருக்கிறீர்கள். தார்ப்பாய் கிழிந்தால் தைக்கிற கோணி ஊசி, கெட்டியான டொயின் நூல், மெழுகுவத்தி எல்லாம் அதில் இருந்தன. நூலுக்கு மெழுகு பூசி, லோடு மேல் போடுகிற தார்ப்பாயைத் தைக்கிற மாதிரியே, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சுப் போட்டுப் பாவாடையைத் தைத்து அனுப்பிவிட்டீர்கள்.

சாயங்காலம் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீலத் துணியில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு தையல், மஞ்சள் நூலில், சுற்றிலும்.

‘இந்த மூட்டைய எந்த ஊருக்குங்க லோடு ஏத்தறீங்க?’ என்றேன்.

‘ஏம்புள்ள, டெல்லி வரைக்கும் காத்துல அடிச்சாலும் பிரியாத தையலு இது. இவ எருமப்பட்டி பள்ளிக்கூடம் வரைக்கும்தான போறா?’ என்றீர்கள்.

மஞ்சுதான் முதலில் சிரித்தாள். அப்புறம் நான். அப்புறம் நீங்கள். ஆறு மாசத்தில் முதல் சிரிப்பு. அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்தேன், யாருக்கும் தெரியவே இல்லை.

அதிலிருந்து வீட்டுக்குள்ளேயே ஏதாவது தைக்க ஆரம்பித்தீர்கள். பள்ளிப் பையின் வார், கொசுவலை, கட்டில் நாடா. என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தந்தீர்களே, அதை மறக்க முடியுமா? போட்டது போட்டபடி, கழற்ற முடியாமல் நான் அரைமணி நேரம் போராடினேன். ‘ஒண்ணும் அவசரமில்ல அம்மிணி, பொறுமையாக் கழட்டு’ என்று கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்கள். சமையலும் பழகினீர்கள். ரோட்டோரத்தில் ஸ்டவ் வைத்துச் சமைத்த கை. எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டு, மூன்று வீட்டுக்கு ஆகிற மிளகாயைக் கொட்டுவீர்கள். மஞ்சு மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்பாள். அப்பா பிள்ளை.

ஆனால் வாசல் மட்டும் வாசலாகவே இருந்தது. யாராவது படியேறும் சத்தம் கேட்டால் ஊசியும் நூலும் தலையணைக்கடியில் போய்விடும்.

அடுத்த ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளை மூன்று விரல் வளர்ந்திருந்தாள். பாவாடை என்றால் வளர்வதற்குத்தான் உள்ளே மடித்து வைத்திருப்போம். வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவோம். உங்கள் மடிப்பைப் பிரிக்க உட்கார்ந்தேன். வரவில்லை. கத்தரி நுனி உள்ளே போகவில்லை. பிளேடு போட்டால் நூல் அப்படியே இருக்கிறது, துணிதான் வெட்டுப்படுகிறது. புதுசு தைக்கிற நிலைமையில் அன்றைக்கு நாம் இல்லை. ‘எங்க, நான் பாக்கறேன்’ என்று வாங்கி நீங்களும் பார்த்தீர்கள். நீங்கள் போட்ட முடிச்சு உங்களுக்கே அவிழவில்லை.

‘வண்டித் தையலுங்க இது. பிரியவே கூடாதுன்னு போடறது. ஊட்டுத் தையல் அப்படியில்லீங்க, வளர்ற பிள்ளைக்குப் பிரிக்கற மாதிரி போடோணும்’ என்றேன். என் ஊசியை வாங்கி, ஒரு பழைய துண்டின் ஓரத்தில் சின்னச் சின்னதாகத் தைத்துப் பழகிக்கொண்டிருந்தீர்கள். பெரிய கைக்கு அந்த ஊசி அடங்கவே இல்லை, பத்துத் தடவை கீழே விழுந்தது.

மஞ்சு முட்டி தெரிகிற பாவாடையோடு பள்ளிக்கூடம் போனாள். அந்த வெள்ளிக்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, ‘விளையாட்டு டீச்சர் கோவமா இருக்காங்க. இதத் தெச்சது யாரோ அவங்களே நாளைக்குக் காலைல வரணுமாம். அப்பாதான்னு சொல்லிட்டேன்’ என்றாள்.

உங்கள் முகம் சுருங்கியது எனக்கு இப்போதும் தெரிகிறது.

‘நான் எங்க வாரது?’

‘நீங்க எதுக்குங்க? நான் பண்ணைக்கு லீவு சொல்லிப்போட்டுப் போயி திட்டு வாங்கிக்கிட்டு வாரேன்’ என்றேன்.

ராத்திரி சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: ‘தப்புப் பண்ணது நானு. திட்டு வாங்கறது நீயா? என்ற வெள்ளச் சட்டையத் தேச்சு வையி.’

சட்டையை எடுத்துத் தேய்த்தேன். தண்ணீர் தெளிக்கவே வேண்டியிருக்கவில்லை, கண்ணீரே போதுமானதாக இருந்தது.

மறுநாள் நான் வேனுக்குப் போகவில்லை. கதவு மறைவில் நின்று பார்த்தேன். கம்பை ஊன்றி முதல் படி இறங்கினீர்கள். எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், ‘ஏனுங் மாப்ள, எங்க கெளம்பிட்டீங்க?’ என்றார். ‘பள்ளிக்கூடத்துக்குங்க மாமா, டீச்சர்கிட்ட அடி வாங்கறதுக்கு’ என்றீர்கள். தெருவே சிரித்தது. அவ்வளவுதான். நீங்கள் நொண்டியதை ஒருத்தரும் பார்க்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறியதும், டிரைவர் கியர் போடுகிற விதம் சரியில்லை என்று பின்னாலிருந்து பாடம் நடத்தினீர்கள் என்றும், இறங்குவதற்குள் அவர் உங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டார் என்றும் கூடப் போன மஞ்சு வந்து சொன்னாள்.

மத்தியானம் திரும்பி வந்து நீங்கள் சொன்ன கதை ஒரு கதையா? டீச்சர் உங்களை வெயிலில் நிற்க வைத்து அரைமணி நேரம் திட்டினாராம். ‘பிள்ளைப் பாவாடைக்கும் கோணிப்பைக்கும் வித்தியாசம் தெரியாதா?’ என்று கேட்டாராம். கடைசியில் தண்டனையாக, கிழிந்து கிடக்கிற வாலிபால் வலையை ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து தைத்துத் தர வேண்டும் என்று உத்தரவாம். ‘என்ன பண்றது, தப்புப் பண்ணியாச்சு’ என்று பெருமூச்சு வேறு விட்டீர்கள். நான் ‘ஐயோ பாவம்’ என்று முகத்தை வைத்துக்கொண்டு மோரைக் கொடுத்தேன்.

நாலு சனிக்கிழமை போனீர்கள். ஒவ்வொரு வாரமும் அந்த டீச்சரைப் பற்றி ஒரு புதுப் புகார் கொண்டுவந்தீர்கள். வலை முடிந்தது. அப்புறம் பிள்ளைகளின் பைகள் வந்தன. யாரோ சொல்லி டிரைவர்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் வேப்பமரத்தடியில் பாயை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் வாயடித்துக்கொண்டே தைத்தீர்கள். ஒரு வருஷம் வெளியே வராத மனுஷனைச் சாப்பாட்டுக்கு உள்ளே கூப்பிட எனக்குத் தொண்டை வறண்டது. மஞ்சுவின் பாவாடைக்கு அப்புறம் வருஷா வருஷம் நீங்களே மடிப்பு வைத்தீர்கள். பூப்போன்ற தையல். ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் முழுக்க வந்துவிடும். அவள் கல்யாணப் புடவைக்கு ஓரம் அடித்ததும் நீங்கள்தான்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். டீச்சர் உங்களைக் கூப்பிட்டது தானாக இல்லை. அந்த வாரம் புதன்கிழமை, பாவாடை கட்டையாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் தங்கமானவர். ‘பரவாயில்லம்மா, வளர்ற பொண்ணு’ என்றார். அவர் அறை மூலையில் அந்த வலை கிழிந்து கிடந்தது. பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. ‘இத எங்க ஊட்டுக்காரரு நல்லாத் தைப்பாருங்க டீச்சர். ஆனா தைக்கக் கூப்புட்டா வர மாட்டாரு. திட்டறதுக்குக் கூப்புடுங்க, வந்துருவாரு’ என்றேன். சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே அழுதேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நல்ல நாளாகப் பார்த்து உங்களிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். நல்ல நாட்கள் நிறைய வந்தன, ஒன்றிலும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் ரோஷம் என்னாகுமோ என்று ஒரு தயக்கம். அப்புறம் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது, அன்றைக்கே முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சு சேலத்திலிருந்து வந்திருந்தாள். டப்பாவைப் பார்த்துப் பேச்சு அங்கே போனபோது, முதல் தடவையாக வாய் விட்டு இதைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘அம்மா, அப்பாவுக்குத் தெரியும்.’

‘என்னடி சொல்ற?’

‘போன ஒடனே டீச்சரே சொல்லிட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். உங்க வீட்டம்மா அழுதாங்க, அதான் கூப்பிட்டேன், கோவிச்சுக்காதீங்கன்னாங்க. அப்பா வலையக் கேட்டு வாங்கிட்டு எங்கிட்ட வந்து, சாமி, உங்கம்மாகிட்ட மூச்சு விட்ராத, அவ பண்ணுன வேல அவளுக்கே இருக்கட்டும்னாரு. அவரு இருக்கற வரைக்கும் நானும் சொல்லல.’

அப்படியானால் வெயிலில் நின்றதும் பொய், அரைமணி நேரத் திட்டும் பொய், நாலு வாரப் புகாரும் பொய். நான் உங்களை ஏமாற்றுவதாக நினைத்து மோர் கொடுத்துக்கொண்டிருக்க, நீங்கள் என்னை ஏமாற்றிக்கொண்டே அதைக் குடித்திருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. மஞ்சு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

இத்தனை வருஷமும் ரேஷன் கடை வரிசையிலும், பண்ணையில் குனிந்து முட்டை பொறுக்கும்போதும், என் புருசனை வாசல் தாண்ட வைத்தவள் நான் என்ற ஒரு நினைப்பு உள்ளே இருந்துகொண்டே என்னை நிமிர்த்தி வைத்தது. உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதில் கை வைக்காமல், முழுசாக எனக்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அது என்னிடம்தான் இருக்கிறது. யாருக்கும் தர மாட்டேன்.